ஊற்ற இடமில்லாத ஒரு வாளித் தண்ணீர்

பம்பாயிலிருந்து புறப்பட்ட விமானம் மஸ்கட்டின் சீப் நிலையத்தில் இறங்கியபோது காலை ஒன்பது மணி பத்து நிமிடம். எழுபத்தேழாம் ஆண்டு, மே மாதத் தொடக்கம். முதுகலை முதலாண்டுத் தேர்வை எழுதி முடித்திருந்தேன். என் தாய்மாமா ஓமானின் தென்கோடியில், சலாலாவில், டீசல் எஞ்சின் பயிற்றுநராக இருந்தார். அவருடைய அலுவலகத் தட்டச்சர் விடுப்பில் ஊருக்குப் போய்விட, எனக்குத் தட்டச்சு தெரியும் என்பது மாமாவுக்கு நினைவு வந்திருக்கிறது. ஐந்து வாரங்களுக்கு விசா எடுத்திருந்தார்.

மாமா என்னை அழைத்துப்போக வந்திருந்தார்; அன்று மஸ்கட்டின் ரூவி பகுதியில் அவருக்கு ஒரு கூட்டம் இருந்தது. முப்பது கிலோமீட்டருக்கு டாக்சிக்காரர் நான்கு ரியால் கேட்டார். "பாயி, நான் என்ன ஷேக்கா?" என்று மாமா இந்தியில் சொல்ல, அவர் சிரித்து இரண்டுக்கு இறங்கினார்.

தெற்கு மலைகளில் பத்தாண்டுகளுக்கு மேல் நடந்த போர் முடிந்து அப்போது ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. மலையூர்களில் கிணறு தோண்டி எஞ்சின் வைக்கும் திட்டத்துக்குத்தான் அந்தக் கூட்டம். கிணறு ஒரு நாட்டின் கொடை, எஞ்சின் இன்னொரு நாட்டினுடையது, பாடத்திட்டம் மூன்றாவது நாட்டிலிருந்து, பயிற்றுநர் இந்தியாவிலிருந்து. நான் சுவரோரமாக அமர்ந்து குறிப்பெடுத்தேன். திறப்பு விழாவில் யார் எங்கே நிற்பது என்பதற்கு ஐம்பது நிமிடம் செலவானது. வந்திருக்கும் எஞ்சினும் பாடத்திட்டத்தில் உள்ள எஞ்சினும் ஒன்றுதானா என்று மாமா கேட்டார். பெட்டி துறைமுகக் கிடங்கில் இருக்கிறது, கொடுத்த நாட்டின் பிரதிநிதி முன்னிலையில்தான் திறக்கப்படும் என்றார்கள். அதற்கு ஒரு நிமிடம் ஆனது.

வெளியே, மலையாளி கடையில், ஐம்பது பைசா தேநீர்.

"எஞ்சின் வேறயா இருந்தா என்னங்க மாமா பண்ணுவீங்க?"

"அம்மிணி, பெட்டியத் தொறக்கறது குடுத்தவன் வேலை. சிலபஸ்ல இருக்கறதச் சொல்லிக்குடுக்கறது என்ற வேலை. ரெண்டையும் நானே பாத்துட்டா அப்பறம் இத்தன பேரு மீட்டிங்ல உக்காந்து என்னத்தப் பண்றது?"

மறுநாள் காலை விசிறி விமானத்தில் சலாலா. ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். இரண்டரை மணி நேரம். கீழே பார்த்த அளவில் ஒரு மரம்கூட இல்லை.

பயிற்சி நிலையம் ஒரு தகரக் கொட்டகை. பதினொரு பேர் படித்தார்கள், அனைவரும் மலைக்காரர்கள். கோயம்புத்தூரில் தொழிற்பயிற்சி நிலையத்தில் எப்படிக் கற்பித்தாரோ அப்படியே மாமா இங்கும் கற்பித்தார். அவர் ஆங்கிலத்தில் நோட்ஸ் சொல்வார், அவர்கள் எழுதிக்கொள்வார்கள், பிறகு மனப்பாடம். கொட்டகையின் மூலையில் பாடத்திட்டத்தில் உள்ள வகை எஞ்சின் ஒன்று தார்ப்பாயால் மூடப்பட்டிருந்தது. கெட்டுப்போய்விடக் கூடாதென்று மாதத்தில் ஒரு நாள் மட்டும் அதைத் திறந்து காட்டினார்கள். நாங்கள் பள்ளி ஆய்வகத்தில் நுண்ணோக்கியைப் பார்த்ததும் அப்படித்தான். எனவே எனக்கு அது விசித்திரமாகத் தோன்றவில்லை.

முசல்லம் அந்தப் பதினொருவரில் ஒருவர். வயது முப்பது இருக்கும். மலையில் அரசை எதிர்த்துப் போரிட்டு, பின்னர் சரணடைந்தவர். தேர்ச்சி பெற்றால் தம் ஊர்க் கிணற்றுக்கே எஞ்சின் இயக்குநர். இல்லையென்றால் மலைக் காவல் படை. "இல்லையென்றால் மறுபடியும் துப்பாக்கி," என்று தாம் கற்றிருந்த சிறிது ஆங்கிலத்தில் சொன்னார். "இந்த முறை அரசாங்கத்தின் துப்பாக்கி. எனக்கு இரண்டுமே போதும் போதும் என்றாகிவிட்டது."

நாள்தோறும் மாலை நான்கு மணிக்கு அவர் ஒப்பிக்க, நான் நோட்டைப் பார்த்துத் திருத்துவேன். மொத்தம் முப்பத்திரண்டு குறிப்புகள். ஆங்கில எழுத்துகளை அவர் படம் வரைவதுபோல் வரைந்திருந்தார். மூன்றாவது வாரம் ஒரு சொல்கூடத் தவறாமல் முப்பத்திரண்டையும் சொன்னார். எனக்கு உண்மையான மகிழ்ச்சி. எஞ்சினை எத்தனை முறை கையால் தொட்டிருக்கிறீர்கள் என்று நான் அவரைக் கேட்கவே இல்லை.

நான்காம் வாரம், வியாழக்கிழமை, முசல்லத்தின் ஊர்க் கிணற்றுத் திறப்பு விழாவுக்குக் காலை ஆறே காலுக்குப் புறப்பட்டோம். விருந்தினர் முன் அவர்தாம் எஞ்சினை ஓட்டிக் காட்ட வேண்டும். அவருடைய ஊர் நாற்பத்திரண்டு கிலோமீட்டர். கற்பாதையில் இரண்டே முக்கால் மணி நேரம். எங்கள் வண்டியை ஓட்டியவர் இராமநாதபுரம் மாவட்டத்து முனியசாமி. இவர்தாம் இரண்டு ஆண்டுகளாக அந்த ஊருக்கு லாரியில் தண்ணீர் கொண்டுபோகிறவர்.

"கிணறு ஓடிருச்சுன்னா எனக்கு அங்கிட்டு வேலை இல்ல, தங்கச்சி. பதினஞ்சு நாள்ல லீவு. மகனுக்கு ரெண்டு வயசாச்சு, இன்னும் மூஞ்சியவே பாக்கல" என்றார். பின்பக்கம் திரும்பி, "முசல்லம் பாயி, நல்லா ஓட்டணும். என் பிளைட்டு உன் கையிலதேன் இருக்கு!" என்று தமக்குத் தெரிந்த அரைகுறை அரபியில் சொன்னார். முசல்லம் சிரித்தார். அவருடைய உதடுகள் குறிப்புகளை முணுமுணுத்துக்கொண்டே வந்தன.

ஊரில் ஒன்பது வீடுகள். வெயிலில் எலும்பு தெரிய நின்ற மாடுகள். விருந்தினர் பத்து மணிக்கு வந்தார்கள். கிணற்றருகே பெட்டியின் பலகைகளைப் பெயர்த்தார்கள். பச்சை வண்ணத்தில் புதிய எஞ்சின். மாமா அதை ஒரு முறைதான் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

முதல் குறிப்பு, குளிர்விக்கும் தொட்டியில் தண்ணீர் நிரப்புதல். முசல்லம் அதை உரத்துச் சொன்னார். அவருடைய மனைவி வீட்டிலிருந்து குடிநீரை ஒரு வாளியில் கொண்டுவந்து கொடுத்தாள். வாளியோடு எஞ்சினை ஒரு முறை சுற்றினார். இன்னொரு முறை சுற்றினார். அது காற்றால் குளிரும் எஞ்சின். அதற்குத் தொட்டி கிடையாது.

மூன்றாம் சுற்றில் அவர் முதல் குறிப்பைத் தாழ்ந்த குரலில் மறுபடியும் சொன்னார். எனக்குச் சொல்வதுபோல் இருந்தது. படமெடுப்பவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஊரார் யாரும் சிரிக்கவில்லை.

"முனியசாமி, சீக்கிரம் ஏதாச்சும் பண்ணுப்பா" என்றார் மாமா.

"சார், நம்ம கேம்ப் ஜெனரேட்டரும் இதே சாதிதேன். ஆனா..."

"ஆனா ஆவன்னாவெல்லாம் அப்பறம். ஜல்தி!"

முனியசாமி முசல்லத்தைப் பார்க்காமல் எஞ்சினிடம் போனார். இரண்டு நிமிடங்களில் எஞ்சின் ஓடியது, தண்ணீர் வந்தது, கைதட்டினார்கள். படத்துக்கு முனியசாமியை விலகச் சொன்னார்கள். முசல்லத்தின் கையிலிருந்த வாளியை ஓர் ஓட்டுநர் கேட்டு வாங்கி, விருந்தினர் வண்டியின் ரேடியேட்டரில் ஊற்றினார். அது நிரம்பிற்று.

சனிக்கிழமை மாமா சொல்லச் சொல்ல அறிக்கையைத் தட்டச்சு செய்தேன். மலைக்காரர்கள் இன்னும் பயிற்சி பெறவில்லை. மேலும் ஓராண்டு தேவை. அதுவரை அந்தக் கிணற்றுக்கு முனியசாமி தற்காலிக இயக்குநர்.

"எஞ்சின் மாறி வந்துச்சுன்னு போட வேண்டாமாங்க, மாமா?"

"போட்டா குடுத்தவனுக்குக் கோபம். பாடம் தப்புன்னு போட்டா எழுதுனவனுக்குக் கோபம்."

"முசல்லத்துக்கு?"

"அவனுக்கு எதுக்கு அம்மிணி ரிப்போர்ட் காப்பி அனுப்பறாங்க?"

ஏழு பிரதிகள் எடுத்தேன். ஒரு பிழையும் இல்லை. புதன்கிழமை மாமாவின் ஒப்பந்தத்தை ஓராண்டு நீட்டித்துத் தந்தி வந்தது. பயிற்சி வெற்றி பெற்றிருந்தால் அவர் ஜூலையில் ஊர் திரும்பியிருப்பார். அன்று மாலை கேம்ப்பில் பாயசம். முனியசாமி தம் பங்கைத் தொடவில்லை. "விசா குடுத்த கஃபீலு கலாஸ்ங்கிறாரு, தங்கச்சி. லீவு மாஃபி, கெடையாதாம். அம்புட்டுதேன்" என்றார். பிறகு, "அந்த ஊருல ஒருத்தரும் எங்கூடப் பேச மாட்டேங்கிறாக. தண்ணி லாரி ஓட்டுறப்பப் பேசுனாக" என்றார்.

நான் புறப்பட்ட நாளில், விமான நிலைய வாயிலில், காவல் படைச் சீருடையில் முசல்லம் நின்றிருந்தார். தோளில் புதிய துப்பாக்கி. என்னைக் கண்டதும் சட்டைக்குள்ளிருந்து அந்த நோட்டை எடுத்துக் கொடுத்தார். அடுத்து வருகிறவர்களுக்குப் பயன்படும் என்றார். மூலை மடங்காமல் வைத்திருந்தார்.

பிறகு கேட்டார்: "அன்று நான் சொன்னதில் தவறு இருந்ததா?"

"இல்லை," என்றேன். "ஒரு சொல்கூடத் தவறில்லை."

அவர் தலையசைத்தார். அந்த விடையே தமக்குப் போதும் என்பதுபோல் என் பெட்டியைத் திறந்து சோதித்துவிட்டு உள்ளே விட்டார்.

பம்பாய் வழியாக மூன்றாம் நாள் கோயம்புத்தூர் வந்து சேர்ந்தேன். தேர்வு முடிவுகள் வந்திருந்தன. நாங்கள் எல்லாத் தாள்களையும் நோட்ஸை மனப்பாடம் செய்துதான் எழுதுகிறோம். மூல நூலைக் கையில் எடுக்காதவர்கள் எங்கள் வகுப்பில் பாதிப் பேர். முசல்லம் சொன்ன அளவுக்குப் பிழையின்றிச் சொன்னவர்களுக்கு எங்கள் கல்லூரி முதல் வகுப்பு தருகிறது. எனக்கும் தந்திருந்தது.