ஒன்பதிலிருந்து பதினொன்று வரை

எகிப்தில் புஹைரா பக்கத்து உழவர்கள் கோடையில் விதை உருளைக்கிழங்கைக் கொண்டுபோய் அடைக்கிற குளிர்க்கிடங்குக்கு ஃபிக்ரி பதினாறு வருஷம் மேலாளர். மேலாளர் என்று பேர்தான். காலையில் அவர் அறைக்குள் கால் வைத்தால் பின்னாலேயே முப்பது பேர் நுழைவார்கள். விடுப்புச் சீட்டு, லாரி டயர், காவலாளியின் செருப்பு, எதுவானாலும் அவருடைய பச்சை மைக் கையெழுத்துதான் வேண்டும். வேறு யார் போட்டாலும் ஒருவரும் நம்பமாட்டார்கள். வந்தவருக்கெல்லாம் டீ. டீ வருமுன் பேச்சை எடுப்பது மரியாதையில்லை. பேச்சு முடிந்ததும் எழுந்துபோவது அதைவிட மரியாதையில்லை.

முதலாளிகள் ஒரு வசந்தத்தில் அவரை அலெக்சாண்ட்ரியாவுக்கு மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். டை கட்டின ஒருவன் சொன்னான்: "நூறு வேலையில மூணுதான் உங்க வேலை. மத்ததை அடுத்தவன் பார்க்கட்டும். அந்த மூணுக்கு தினம் ரெண்டு மணி நேரம் ஒதுக்கி, கதவைச் சாத்திக்கங்க."

ஃபிக்ரிக்கு அது நெஞ்சில் தைத்தது. திரும்பி வந்ததும் ஓர் அட்டையில் மூன்றை எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தார். முதலாவது, குளிரூட்டும் இயந்திரங்களை மாற்றுவது. இரண்டும் இருபத்தெட்டு வயசுக் கிழடுகள். ஒன்று நின்றாலும் வெயில் காலத்தில் சில நாளிலேயே மூட்டைகள் முளைவிட்டு அழுகத் தொடங்கும். விதைப்புக்கு எழுபது ஊர் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும். முதலாளிகளை அசைக்க நல்ல அறிக்கை வேண்டும். அதை எழுதத்தான் அந்த ரெண்டு மணி நேரம்.

எல்லோரையும் முற்றத்தில் கூட்டிச் சொன்னார்: "ஒன்பதுலேருந்து பதினொன்னு வரைக்கும் என் கதவு மூடியிருக்கும். இந்த முறையைக் காப்பாத்துறவன்தான் என் கூடப் பொறந்தவன்."

மறுநாள் ஒன்பதரைக்கே தாய்மாமன் ஹாஜி மித்வல்லி வந்து நின்றார். கதவுப் பக்கம் உட்கார்ந்திருந்த எழுத்தர் இன்ஸாஃப் எழுந்து மறித்தாள்.

"ஹாஜி, உள்ள வேலையா இருக்காங்க..."

"அவன் மூக்கைத் தொடச்சி விட்டது இந்தக் கை. என்னை வாசல்ல நிறுத்துவியா பொண்ணே?"

கதவு திறந்தது. "மாமா, பதினோரு மணிக்கு மேல..." என்று இழுத்தார் ஃபிக்ரி.

"ஆமாண்டா. இனிமே உங்கம்மா செத்தாக்கூட பதினோரு மணிக்கு மேலதான் சாகணும்! டீ சொல்லு."

தன் மூட்டைகளைக் கீழ் அடுக்குக்கு மாற்றச் சொல்லத்தான் வந்திருந்தார். அதற்கு ஒன்றரை மணி நேரம், மூன்று டீ. அடுத்த நாள் ஊர்த்தலைவர், அதற்கடுத்து சகலை. ஜூலை முடிவதற்குள் முகத்தில் தைரியம் உள்ளவனெல்லாம் உள்ளே இருந்தான். முறை வெளியே இருந்தவர்களுக்குத்தான். அறிக்கை நாலு பக்கத்தைத் தாண்டவில்லை.

இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டவர் உஸ்தா லம்லூம். கைத்தொழில் தெரிந்தவரை அங்கே உஸ்தா என்பார்கள். ஃபிக்ரியின் பாட்டி பிரசவக் காய்ச்சலில் கிடந்தபோது ஃபிக்ரியின் அப்பாவுக்குப் பால் கொடுத்தவள் லம்லூமின் தாய். ஒரே முலைப்பால் குடித்தவர்கள் அங்கே கூடப் பிறந்தவர்கள்தான். அந்த வகையில் லம்லூம் ஃபிக்ரிக்குச் சித்தப்பா. சின்ன வயசில் அப்படித்தான் கூப்பிடுவார். மேலாளரானபின் அது 'உஸ்தா' ஆனது. லம்லூமும் பேர் சொல்வதை விட்டு, மேலாளர் என்ற பொருளில் 'முதீர்' என்று மாற்றிக்கொண்டார், முகம் சுளிக்காமல்.

ஆகஸ்டில் இரண்டாவது இயந்திரத்தில் மணல் அரைக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. ஒருநாள் நிறுத்திப் பிரித்துப் பார்க்க வேண்டும். நிறுத்த உத்தரவு மேலாளரைத் தவிர யாரும் தர முடியாது. வெயில் ஏறிவிட்டால் லம்லூம் அந்த இடத்தை விட்டு நகர முடியாது. அதனால் பத்து மணிக்கே வந்தார்.

"உள்ள ஹாஜிதான் கதை பேசிட்டிருக்காரு. நீங்களும் போங்க உஸ்தா, யாரு கேக்கப்போறா?" என்றாள் இன்ஸாஃப்.

"வேணாம்மா. முறைன்னு சொல்லிட்டாரு. ஒருத்தனாவது காப்பாத்த வேணாமா? மெஷினை நிறுத்தணும், நேர்ல பேசணும்னு சொல்லு."

பதினொன்றுக்கு முப்பது பேருக்கு நடுவே அவள் அதை அப்படியே சொன்னாள். "நாளைக்கு வரச் சொல்லு" என்றார் ஃபிக்ரி, பேனாவை நிறுத்தாமல். மூன்று நாள் லம்லூம் வந்தார், மூன்று நாளும் 'நாளைக்கு'. நாலாம் நாள் விடியலில் இயந்திரம் இறுகி நின்றது. பாகம் வர ஒன்பது நாள் ஆயிற்று. நாற்றம் கால்வாய்க்கு அக்கரை வரை போனது. உழவர்கள் தலையில் அடித்துக்கொண்டு மூட்டைகளைக் கொட்டிக் கவிழ்த்தார்கள்.

யார் பொறுப்பு என்று முதலாளிகள் எழுத்தில் கேட்டார்கள்.

"மெக்கானிக் சொல்லலைன்னு எழுது" என்றார் மாமா. "பள்ளிக்கூடம் போற பிள்ளைங்க நாலு வச்சிருக்கே. அவன் கிழவன்."

ஃபிக்ரி கதவை உள்ளே தாழ் போட்டார். யாரையும் விடாமல், டீ சொல்லாமல், ஒரே மூச்சில் அவர் எழுதி முடித்த காகிதம் அந்த ஒன்றுதான். இன்ஸாஃப் அதைத் தட்டச்சு செய்தாள். அவளுக்கும் வேலை வேண்டியிருந்தது.

லம்லூம் சாவிக்கொத்தை மேசைக் கண்ணாடிமேல் வைத்தார், சரியாக அந்த அட்டைக்கு மேலே. "எண்ணெய் டின் ரெண்டு பாக்கியிருக்கு, முதீர்" என்றார்.

ஒன்பது வருஷம் கழித்து லம்லூம் இறந்தார். ஃபிக்ரி அதற்குள் ஓய்வு பெற்றிருந்தார். இப்போது அவரைப் பார்க்க யாரும் வருவதில்லை, மாமாவின் பிள்ளைகள்கூட. துக்கப் பந்தல் வாசலில் ஆண் உறவுகள் வரிசையாக நின்று வருகிறவர்களுக்குக் கைகொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஃபிக்ரி நேராகப் போய் வரிசைக் கடைசியில் நின்றார். லம்லூமின் மகன் ஷஹாத்தா வந்து முழங்கையைத் தொட்டான்.

"விருந்தாளிங்களுக்கு நாற்காலி உள்ள போட்டிருக்கு, முதீர்."

"டேய், உங்கப்பா எனக்குச் சித்தப்பா முறைடா."

"இருக்கலாம். அவர் சொன்னதில்ல."

ஃபிக்ரி உள்ளே போய் உட்கார்ந்தார். சர்க்கரையில்லாத காப்பி வந்தது. குர்ஆன் ஓதுபவர் ஒரு பகுதி முடித்ததும் உட்கார்ந்திருப்பவர்கள் அடுத்து வருகிறவர்களுக்கு இடம்விட்டு எழுந்துவிட வேண்டும். எழுந்தார். வாசலில் நின்ற ஏழு பேருக்கும் கைகொடுத்துக்கொண்டு வந்தார். ஏழாமவனுக்கு அப்பால் ஓர் ஆள் நிற்கிற இடம் சும்மா கிடந்தது. அதைத் தாண்டி நடந்தார்.