நெற்றியில் ஒரு கட்டைவிரல்

"நெத்தியை விடுங்க. நெத்தியால தொறக்காதீங்க, கண்ணால தொறங்க" என்று சொல்லிக்கொண்டே, எதிரே உட்கார்ந்திருக்கும் மீனவக் கிழவரின் புருவத்துக்கு மேல் கண் ஆஸ்பத்திரி நர்ஸ் பியோ கும்ஓக் தன் வலது கட்டைவிரலை வைத்து அழுத்துகிறாள். அதுவரை அகலத் திறந்திருந்த கண்ணின்மேல் இமை பொத்தென்று இறங்கிப் பாதிக் கருவிழியை மூடிக்கொள்கிறது. கிழவர் திடுக்கிடுகிறார்.

"என்னம்மா, விளக்கை அணைச்சிட்டியா?"

"விளக்கு எரியுதுங்க ஐயா. உங்க இமைதான் விழுந்துபோச்சு. இத்தனை நாளா நெத்திதான் அதைத் தூக்கிப் பிடிச்சுட்டு நின்னிருக்கு. சாயங்காலமானா மண்டை வலிக்குதா?"

"வலிக்குது."

"பின்னே வலிக்காதா? பாவம், அந்த நெத்திக்கு ஞாயித்துக்கிழமைகூட லீவு இல்லையே!"

இமையைத் தூக்கும் தசை தளர்ந்துபோனால் மனிதர்கள் தங்களுக்கே தெரியாமல் புருவத்தை உயர்த்தி, மோவாயைத் தூக்கி, சமாளித்து வாழப் பழகிவிடுகிறார்கள். புருவத்தை விரலால் பிடித்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். பிடித்தபடியே கீழே பார்க்கச் சொல்லி, பிறகு மேலே பார்க்கச் சொல்லி, இமை எத்தனை மில்லிமீட்டர் ஏறுகிறது என்று பியோ சின்ன அளவுகோலால் அளப்பாள். அப்புறம் புகைப்படம். அங்கேதான் வம்பு. கேமராவைக் கண்டதும் கல்யாணப் படத்துக்கு நிற்பதுபோல எல்லாரும் புருவத்தைத் தூக்கிக் கண்ணை விரித்துவிடுவார்கள். அந்தப் படத்தைப் பார்த்தால் காப்பீட்டு அலுவலகம் 'இது அழகுக்காகச் செய்துகொள்வது' என்று மனுவைத் திருப்பி அனுப்பிவிடும். ஆகவே ஒவ்வொரு படத்தின் மேல் ஓரத்திலும் பியோவின் விரல் இருக்கும். அந்த அலுவலகத்தில் அவள் முகத்தைப் பார்த்தவர் யாருமில்லை. கட்டைவிரலை அறியாதவர் இல்லை.

விரலை அவள் வைத்துக்கொள்ளும் அழகே தனி. நகத்தை ஒட்ட வெட்டியிருப்பாள். குளிர்காலத்தில் ஒவ்வொருவர் நெற்றியைத் தொடும் முன்பும் சூடான வாற்கோதுமைத் தேநீர்க் கோப்பையில் விரலை ஒரு நிமிடம் ஒட்டிவைப்பாள். "சில்லுனு வெச்சா நெத்தி சுருங்கிக்கும், அளவு தப்பிப்போகும்" என்பது அவள் கட்சி. ஐம்பத்தெட்டு வயதில் இருபத்தாறை இந்த ஆஸ்பத்திரிக்கே கொடுத்திருக்கிறாள். பஸ்ஸில் போனாலும் கண் சும்மா இருக்காது. எதிர் இருக்கைக்காரரின் நெற்றிச் சுருக்கத்தை எண்ணிக்கொண்டே வருவாள். இடது பக்கம் மட்டும் சுருக்கம் அதிகமென்றால் இடது இமை தொங்குகிறது என்று அர்த்தம். இறங்கும்போது முன்பின் தெரியாதவர் தோளைத் தட்டி, "துறைமுகத்துக்கு எதிர்ல மருந்துக்கடை இருக்குல்ல, அது மேல மாடி. ஒரு தடவை வந்துட்டுப் போங்க" என்பாள். திட்டு வாங்கியதும் உண்டு. வந்து சேர்ந்தவர்களும் உண்டு.

தென்கொரியாவின் தோங்யோங் துறைமுகத்தைப் பார்த்த அந்த மாடிக்கு விதவிதமான இமைகள் வரும். இமையோரத் தசை மடிந்து, கண்மயிர் உள்ளே உரசி, ஓயாமல் கண் சிமிட்டும் குழந்தைகள் வருவார்கள். "வேணும்னே பண்றான்" என்று அடித்துவிட்டுக் கூட்டிவரும் அப்பாவுக்குப் பியோவிடம் கிடைக்கும் வசவு இருக்கிறதே, அதைக் கேட்கவே காத்திருப்புப் பெஞ்சில் இருப்பவர்கள் காதைத் தீட்டிக்கொள்வார்கள். கல்லூரி நுழைவுத் தேர்வு முடிந்த மறுவாரமே, கண் பெரிதாகத் தெரிய இமையில் மடிப்பு வைத்துக்கொள்ள அம்மாக்களோடு பெண்கள் வருவார்கள். கண் தானாக இறுக மூடிக்கொள்ளும் டவுன்பஸ் டிரைவர் ஒருவர் நாலு மாதத்துக்கு ஒருமுறை தசையைத் தளர்த்தும் ஊசிக்கு வருவார். இமை காலையில் சரியாகவும் சாயங்காலம் தொங்கலாகவும் இருக்கிறது என்று யாராவது சொன்னால், பியோ உடனே பனிக்கட்டியைத் துணியில் சுற்றி இமைமேல் இரண்டு நிமிடம் வைப்பாள். குளிர்ச்சியில் இமை ஏறினால் அது வேறு நோயாக இருக்கலாம். கத்தியை ஓரமாக வைத்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். டாக்டர் யோம் அதிகம் பேசாத மனிதர். அவருக்கும் சேர்த்துப் பியோ பேசிவிடுவாள்.

ஜூன் மாதம் பிறந்தால் சிப்பிக் கொட்டகைப் பெண்கள் வருவார்கள். குளிர்காலம் முழுக்க வரிசையாக நின்று, குனிந்த தலை நிமிராமல் கத்தியால் சிப்பி ஓட்டைப் பிரித்துச் சதை எடுப்பவர்கள். வேலை ஓய்ந்த பிறகுதான் தையல் போட்ட கண்ணில் உப்புத்தண்ணீர் தெறிக்காமல் இருக்கும். தனியாக ஒருத்தி வந்து இமை அறுவை செய்துகொள்ள மாட்டாள். போனால் கொட்டகையே போகும். வீங்கிய கண்ணோடு ஒருத்தி மட்டும் சந்தைக்குப் போனால், "இந்த வயசுல யாரை மயக்க?" என்று கேட்பார்கள். ஐந்து பேர் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு கைகோத்துப் போனால் யார் வாயைத் திறப்பார்கள்?

இந்த ஜூனில் வந்த ஐவருக்கும் தலைவி சூ மல்லே. அறுபத்தொன்பது வயது. பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டுதான். கையில் பிடித்துக்கொள்ளத் தன் பருத்திக் கையுறையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு அறுவை மேசையில் ஏறினாள். "வலிக்குமாடி?" என்று கேட்டாள்.

"எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், அக்கா."

"நீ செஞ்சுக்கிட்டியா?"

பியோ விளக்கைத் திருப்பினாள்.

பதில் சொல்ல முடியாததற்குக் காரணம் இருந்தது. போன வருடம் பியோ திடீரென்று முன்முடியை வெட்டி நெற்றிமேல் தொங்கவிட்டுக்கொண்டாள். "வயசு குறைஞ்சுபோச்சே!" என்று எல்லாரும் கேலி செய்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டாள். அந்த முடிக்குக் கீழே இடது புருவம் ஏறி நிற்பதும், அந்தப் பக்கம் மட்டும் நாலு சுருக்கம் விழுந்திருப்பதும் அவளுக்கு மட்டுமே தெரியும். படகு எஞ்சின் பழுதுபார்க்கும் கணவருக்குக்கூடத் தெரியாமல், சாப்பாட்டு மேசையில் அவருக்கு வலது முகம் மட்டும் தெரியும்படி இடம் மாறி உட்கார்ந்தாள். ஒருநாள் ஆஸ்பத்திரிச் சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டு தன் இமையிலேயே பனிக்கட்டியை வைத்துப் பார்த்தாள். இரண்டு நிமிடம் கழித்துக் கண்ணாடியில் பார்த்தால் இமை வைத்த இடத்திலேயே இருந்தது. நோயில்லை என்ற நிம்மதி ஒரு பக்கம். அப்படியானால் கத்திதான் என்ற பயம் ஒரு பக்கம்.

ஆமாம், பயம்தான். ஆயிரக்கணக்கான பேரிடம் எறும்புக்கடி என்று சொன்னவளுக்கு அந்த எறும்பிடமே பயம். அறுவையின் நடுவில் நோயாளியை எழுப்பி உட்கார வைப்பார்கள். கண்ணைத் திறக்கச் சொல்லி இரண்டு இமையும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே தையலை முடிபோடுவார்கள். அப்போது புருவம் துளி ஏறினாலும் போச்சு; டாக்டர் ஏமாந்துவிடுவார், கண் ஏற்றத்தாழ்வாகவே நின்றுவிடும். அந்த நேரத்தில் புருவத்தைப் பிடிப்பது பியோவின் விரல். அவளே படுத்துவிட்டால் யார் பிடிப்பார்கள்? இன்னொரு நர்ஸ் ஹேரிம் இருக்கிறாள். கெட்டிக்காரிதான். ஆனாலும் அவள் விரல் பஞ்சு மாதிரி என்பது பியோவின் நெடுநாள் குறை.

ஏழாம் நாள் ஐவருக்கும் பியோவே தையல் பிரித்தாள். எப்போதும்போல ஒவ்வொரு நூல்துண்டையும் துணிமேல் வைத்து வாய்விட்டு எண்ணினாள். பத்து நாள் கழித்து மல்லே மட்டும் படியேறி வந்தாள்.

"வலது கண்ணு ஓரத்துல என்னமோ குத்துதுடி. மீன்முள்ளு மாதிரி."

பியோ இடுக்கியை எடுத்துக்கொண்டு குனிந்தாள். தேடினாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடியும் ஒன்றும் அகப்படவில்லை. டாக்டர் யோம் வந்து ஒரே பார்வையில் மடிப்புக்குள்ளிருந்து ஒரு தையலை உருவி எடுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனார். அறுந்த ஒரே நூலின் இரண்டு துண்டுகளை இரண்டென்று எண்ணிவிட்டிருக்கிறாள். இருபத்தாறு வருடத்தில் இது முதல் தடவை.

"மன்னிச்சுக்குங்க, அக்கா."

"அது கெடக்கட்டும்" என்றாள் மல்லே. "நீ என் கண்ணைப் பாக்கறப்போ எதுக்குடி மோவாயைத் தூக்கிட்டுப் பாக்கறே? வாத்து தண்ணி குடிக்கிற மாதிரி?"

"பழக்கம், அக்கா."

"இந்தப் பழக்கம் எனக்கும் இருந்துச்சு. போன மாசம் வரைக்கும்."

சொன்னவள் எட்டி, பியோவின் முன்முடியை ஒதுக்கி, சிப்பிக் கத்தி பிடித்துக் காய்த்துப்போன தன் கட்டைவிரலை அவள் இடது புருவத்துக்கு மேல் வைத்து அழுத்தினாள். நன்றாகவே அழுத்தினாள், தனக்குச் செய்ததைக் கவனமாகப் பார்த்து வைத்திருக்கிறாள். பியோவின் இமை சரிந்தது. சுவர்க்கடிகாரத்தில் பாதி காணாமல் போயிற்று.

"அடிப்பாவி! ஊர் இமையெல்லாம் அளந்துட்டு உன் கடை ஷட்டரைப் பாதி இறக்கியே வெச்சிருக்கியேடி!"

காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். பியோவும் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. மல்லேயின் விரலுக்கு அடியிலேயே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "பயமா இருக்கு, அக்கா. செஞ்சுக்கவும் பயமா இருக்கு. செஞ்சுக்கலேன்னா இந்த இடுக்கியைக் கீழ வெச்சிட்டு வீட்டுக்குப் போகணும். இந்த வேலையை விட்டா எனக்கு வேற என்ன தெரியும்?"

"போகாதே. எங்க கொட்டகைல இன்னும் ஆறு பேர் இருக்காளுங்க. ஜூலைல வர்றோம்னு பேசியாச்சு. நீ கைவெச்சாத்தான் வருவோம்னு சொல்லிட்டாளுங்க. வேற கையை விடமாட்டாளுங்க, பிடிவாதக்காரிங்க." மல்லே விரலை எடுத்துவிட்டுத் தன் பையிலிருந்து சுருட்டிய கையுறையை எடுத்து மேசைமேல் வைத்தாள். "இதைப் பிடிச்சுக்கோ. எறும்பு கடிக்கும், அவ்வளவுதான்."

அறுவை ஜூன் கடைசி வாரத்தில் நடந்தது. அன்று காலை ஹேரிம் அளக்க வந்து, பியோவின் நெற்றிமேல் விரலைப் பட்டும் படாமலும் வைத்தாள். பியோ அவள் மணிக்கட்டைப் பிடித்து, "அழுத்து. நான் உனக்கு மாமியாரா? அழுத்து!" என்றாள். ஹேரிம் அழுத்தினாள். "இன்னும்." இன்னும் அழுத்தினாள். பஞ்சென்று நினைத்தது அவ்வளவு பஞ்சாக இல்லை என்று பியோவுக்குத் தோன்றியது. மரத்துப்போகும் ஊசி போட்டபோது எறும்பு கடித்த மாதிரி இல்லை, குளவி கொட்டிய மாதிரி இருந்தது. இனி யாரிடமும் அந்தப் பொய்யைச் சொல்லக்கூடாது என்று படுத்தபடியே முடிவு செய்தாள். நடுவில் எழுப்பி உட்கார வைத்தார்கள். "கண்ணைத் திறங்க" என்றார் டாக்டர். ஹேரிமின் விரல் புருவத்தில் கல்லாக நின்றது. பியோ கையுறையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இருபத்தாறு வருடத்துப் பெண்கள் அத்தனை பேருக்கும் தான் சொன்னதை இன்று தனக்கே சொல்லிக்கொண்டு, நெற்றியை விட்டுவிட்டுக் கண்ணால் மட்டும் திறந்தாள். எதிர்ச்சுவரில் கடிகாரம் முழுசாக இருந்தது, உச்சியில் பன்னிரண்டு உட்பட. டாக்டர் யோம் நெடுநேரம் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு" என்று அந்த வருடத்தின் மிக நீண்ட பேச்சைப் பேசினார்.

அன்று சாயங்காலம் கணவர் எதிரே உட்கார்ந்து கணவாய் மீனும் முள்ளங்கியும் தொட்டுக்கொண்டு, கடல்பாசியில் சுற்றிய சோற்றுச் சுருளைத் தின்றபடி அவள் வீக்கத்தைப் பார்த்தார். "இனிமே இந்தப் பக்கமும் உட்காருவியா?" என்று மட்டும் கேட்டார். அவருக்குத் தெரியாமல் இருந்ததாக நினைத்துக்கொண்டது இவள் மட்டும்தான்.

ஜூலை நடுவில் பியோ வேலைக்கு வந்தாள். முன்முடியை ஒரு கிளிப்பால் தூக்கிக் குத்தியிருந்தாள். முதல் நாளே சிப்பிக் கொட்டகையின் ஆறு பேரும் மல்லேயின் தலைமையில் படியேறி வந்து பெஞ்சை நிறைத்தார்கள். முதலில் உட்கார்ந்தவள் மல்லேயின் நாத்தனார். பயத்தில் புருவம் மயிர்க்கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"வலிக்குமா?"

"குளவி கொட்டின மாதிரி இருக்கும். ஒரு நிமிஷம். அப்புறம் ஒண்ணுமில்லே. நானே பாத்துட்டேன்" என்றாள் பியோ. கட்டைவிரலை அவள் புருவத்தில் வைத்தாள். "நெத்தியை விடு. கீழ பாரு. இப்போ மேல பாரு."

அளவுகோலை உயர்த்திக் குனிந்த வேளையில் பின்னாலிருந்து காய்ந்த சிப்பி வாசனையோடு ஒரு கை வந்தது. மல்லேயின் கட்டைவிரல் பியோவின் இடது புருவத்தின்மேல் உட்கார்ந்து அழுத்தியது. பெஞ்சில் இருந்தவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

இமை இறங்கவில்லை.

பியோ அந்த விரலைத் தட்டிவிடவில்லை. நெற்றியில் மல்லேயின் விரலும், தன் விரலுக்குக் கீழே நாத்தனாரின் நெற்றியுமாக, மோவாயைத் தூக்காமல் அளவுகோலின் கோட்டைப் படித்து, "ஒம்போது. எழுதிக்கோ ஹேரிம்" என்றாள்.