சிஞ்ஞோராவின் நேர்த்தி

பலெர்மோ ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் காப்பிக் கடையில் மறுபடியும் கை தட்டுகிறார்கள். அமெரிக்காவில் ஒரு பெண்ணைக் கொன்றவனுக்கு மரண தண்டனை வேண்டாம், ஆயுள் சிறை போதும் என்று ஜூரிகள் நேற்றுச் சொல்லிவிட்டார்கள். தொலைக்காட்சி அதையே திரும்பத் திரும்பக் காட்டுகிறது. மரண தண்டனையே கூடாது என்பவர்கள் இந்த ஊரில் அதிகம்; அவனுக்காகக் கோயில்களில் மாதக்கணக்காக ஜெபம் நடந்ததாம். கடைக்காரர் என்னிடம் காப்பிக்குக் காசு வாங்க மறுக்கிறார். மூலையில் ஒருவர் மட்டும் பத்திரிகையை மேசையில் அடித்துக் கத்துகிறார்.

“செத்தவளுக்கு ஆர் கை தட்டுறதெண்டு கேக்கிறார். அதுவும் ஞாயந்தான்,” என்கிறார் பக்கத்தில் நிற்கும் மேரி. மன்னாரிலிருந்து வந்தவர், லிபெர்த்தா வீதியில், ‘சிஞ்ஞோரா’ என்று அவர் அழைக்கும் ஓர் இத்தாலியச் சீமாட்டி வீட்டில் வேலை செய்கிறார். அவன் உயிர் தப்பினால் இந்த ஊரின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவின் மலைக்கோயிலுக்கு வெறுங்காலோடு ஏறுவதாக நேர்ந்துகொண்டது அந்த சிஞ்ஞோராதான். அவருக்கோ முழங்கால் வலி.

“நேர்த்தி அவவின்ரை, கால் என்ரை,” என்று மேரி சிரிக்கிறார். செருப்பை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கிறார்.

அவர் பையில் ஒரு பெரிய மெழுகுதிரியும், ஒரு கட்டுச் சின்னத் திரிகளும் தெரிகின்றன.

“இவ்வளவும் அவனுக்கா?”

“பெரிசு சிஞ்ஞோரா தந்தது, அவனுக்கு. சின்னது நான் வாங்கினது அண்ணை, அந்தப் பன்னிரண்டு ஜூரிமாருக்கும்.”

மலையடிக்குப் போகும் பஸ் வருகிறது. பையைத் தோளில் மாட்டிக்கொள்கிறார்.

“என்ரை தம்பியைச் சுடேக்கை, வேண்டாமெண்டு சொல்ல அங்கை ஒராளும் இருக்கேல்லை.”