ஒருவரும் எண்ணிப் பார்க்காத வாரங்கள்

யென்லாவின் ஆட்டைத்தான் முதலில் பிடித்துக்கொண்டு போனார்கள். விசாரணை அப்புறம்தான்.

சந்தைக்குக் கிளம்புமுன் ஓடையில் தண்ணீர் எடுத்து வந்தவள் கொட்டிலில் அறுந்த கயிற்றைப் பார்த்தாள். கணவன் வழிக் குடும்பத் தலைவரின் ஆள் வந்து ஓட்டிப் போனதாகப் பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். எதற்கென்று யென்லா கேட்கவில்லை. மூன்று நாளாகவே ஊரில் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது: மண் ஓய்வெடுக்கும் நாளில் அவள் நிலத்தைக் கொத்திவிட்டாளாம். அதற்குத் தண்டம் ஓர் ஆடு.

கேமரூனின் மேற்கு மலைகளில் அந்த ஊருக்கு வாரம் என்றால் எட்டு நாள். அதில் ஒரு நாள் சந்தை. இன்னொரு நாள் மண்ணுக்கு ஓய்வு. அன்று யாரும் மண்வெட்டியைத் தொடமாட்டார்கள். வெள்ளைக்கார ஏழு நாள் வாரம் கிறிஸ்தவக் கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும். இரண்டையும் சேர்த்தே எண்ணி வளர்ந்தவர்கள் அவர்கள்.

யென்லாவின் கணவன் இறந்து நாலு வருடம். மூன்று பெண்கள். ஓடையோரம் இருந்த அந்த ஒரு துண்டு நிலத்தில் மக்காச்சோளமும் பீன்ஸும் போட்டு அவர்களை வளர்த்தாள். மண் கறுப்பு; கோடையிலும் ஈரம் காயாது. அதன்மேல் கொழுந்தன் விர்ங்காருக்கு ஒரு கண். துவாலா நகரத்தில் மோட்டார் சைக்கிள் சாமான் விற்கிறவன். நிலத்தில் யூகலிப்டஸ் நட்டு மரமாக விற்கலாம் என்று இரண்டு முறை கேட்டுப் பார்த்தான். "உன் கடையில சோளம் நடு, என் நிலத்துல மரம் நடலாம்" என்று இரண்டு முறையும் விரட்டியிருந்தாள்.

தண்ணீர்க் குடத்தை வாசலிலேயே வைத்துவிட்டு நேராகத் தலைவர் வீட்டுக்கு நடந்தாள். முற்றத்து மரத்தில் அவள் ஆடு கட்டியிருந்தது. உள்ளே பெரியவர்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இரண்டு கேன் கள். அது விர்ங்கார் வாங்கி வந்தது என்று சொல்ல ஆள் தேவையில்லை. கோப்பையை நிரப்பிக்கொண்டிருந்ததே அவன்தான்.

"வா யென்லா, உட்காரு" என்றார் தலைவர். அவள் உட்காரவில்லை.

விர்ங்கார் எழுந்தான். குரலில் அவ்வளவு வருத்தம். "அண்ணியப் பத்திச் சொல்ல எனக்கே கஷ்டமா இருக்கு. குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாள். ராத்திரி பஸ்ல வந்து காலையில இறங்குறேன், ஓடைப்பக்கம் இவங்க குனிஞ்சு கொத்திக்கிட்டிருக்காங்க. மண்ணுக்கு ஓய்வு நாளாச்சேன்னு நெஞ்சு பதறிப்போச்சு. அப்புறம் ஆலங்கட்டி விழுந்து எல்லார் பீன்ஸும் போச்சா இல்லையா? சத்தியமாச் சொல்றேன்."

பீன்ஸ் என்றதும் பல தலைகள் ஆடின.

"மண்ணுக்குச் செஞ்ச குத்தம்மா இது" என்றார் தலைவர். "ஆட்டை வெட்டிச் சாந்தி பண்ணிடுவோம். நிலம் கொஞ்ச காலம் தம்பி கையில இருக்கட்டும். உனக்கு மூணும் பொண்ணு."

யென்லாவுக்குக் காது மடல் சுட்டது. கத்தினால் 'வாயாடி' என்று சிரித்து அனுப்பிவிடுவார்கள் என்று தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்:

"ஐயா, இன்னைக்கு என்ன நாள்?"

"சனிக்கிழமை."

"நம்ம வாரத்துல?"

"சந்தை நாள். அதுக்கென்ன?"

"நாளைக்குக் கோயில்ல என்ன திருநாள்?"

மூலையில் உட்கார்ந்திருந்த உபதேசியார் தாத்தா, "பெந்தகோஸ்து" என்றார்.

"குருத்தோலையிலேருந்து பெந்தகோஸ்துக்கு எத்தனை வாரம் உபதேசியாரே?"

"எட்டு."

"எட்டு ஏழு அம்பத்தாறு. நம்ம வாரத்துல அது எத்தனை?"

யென்லா கையை நீட்டி விரலை மடக்கத் தொடங்கினாள். "ஏழு. நானே பின்னாடி எண்ணிக்கிட்டுப் போறேன். போன சந்தையில உப்பு கிடைக்கல. அதுக்கு முந்தின சந்தையில பாலம் உடைஞ்சு லாரி வரல. அதுக்கும் முன்னாடி உங்க பேத்திக்குச் செருப்பு வாங்கினீங்க ஐயா..." ஏழாவது விரலை மடக்கி நிறுத்தினாள். "இவன் சொல்ற நாளும் சந்தை நாள்தான். ஓய்வு நாளே இல்ல. அன்னைக்கு விடியறதுக்கு முன்னாடியே சந்தையில நான் பீன்ஸ் விதை வித்துக்கிட்டிருந்தேன்."

"நாள் ஒண்ணு முன்னப்பின்ன ஆயிருக்கலாம்" என்றான் விர்ங்கார்.

"இப்பத்தானே சத்தியம் பண்ணே? குருத்தோலைய நகத்தணும்னா பாதிரியார்கிட்டக் கேட்டுட்டு வா."

யாரோ கோப்பைக்குள் சிரித்தார்கள். யென்லா சிரிக்கவில்லை. பெண்கள் வரிசையில் ஓரமாக இருந்த பொங்காசுவிடம் திரும்பினாள். கணவனின் அக்கா, சந்தையில் பதினைந்து வருடமாகப் பக்கத்து இடத்துக்காரி.

"அண்ணி, அன்னைக்கு என் பக்கத்துல உட்கார்ந்திருந்தது யாரு?"

பொங்காசு தரையைப் பார்த்தாள். "நான்தான்" என்றாள் கடைசியில். "மழைக்கு ரெண்டு பேரும் ஒரே சாக்கைப் போர்த்திக்கிட்டோம்."

"தெரிஞ்சும் இவ்வளவு நேரம் வாயில என்ன வச்சிருந்தீங்க?"

தலைவர் தொண்டையைக் கனைத்தார். "சரி விடும்மா. தம்பி தப்பாப் பார்த்திருப்பான். ஆளுக்கு ஒரு வாய் குடிச்சிட்டுச் சமாதானமாப் போங்க."

நீட்டிய கோப்பையை யென்லா தொடவில்லை.

"அவன் பொய் சொன்னதுக்குக்கூட எனக்கு இப்படி எரியல. அவன் பேராசைக்காரன், ஊருக்கே தெரியும். நீங்க எல்லாரும் பிறந்ததுலேருந்து இந்தக் கணக்குப் போடுறவங்க. பசு சினையானதுக்கு எண்ணுவீங்க. சாவுச் சடங்குக்கு எண்ணுவீங்க. என் நிலம் போகுதுன்னா உங்கள்ல ஒருத்தருக்கு ஒரு விரல் மடங்கலையே. நான் கொத்தினா தண்டம் ஆடு. பொய்ச் சத்தியத்துக்கு என்ன தண்டம், சொல்லுங்க ஐயா."

தலைவர் கோலாக் கொட்டையை உடைத்து வாயில் போட்டு மென்றார். அதற்கு மட்டும் அவரிடம் விதி இல்லை.

யென்லா வெளியே வந்து ஆட்டை அவிழ்த்து ஓட்டிக்கொண்டு போனாள். தடுக்க யாரும் எழவில்லை. விர்ங்கார் திங்கட்கிழமை பஸ்ஸில் துவாலாவுக்குப் போனான். தண்டம் எதுவும் கட்டவில்லை. அதற்குப் பிறகு மரம் நடும் பேச்சையும் எடுக்கவில்லை.

பொங்காசு இரண்டு முறை வீட்டுக்கு வந்தாள். இரண்டாம் முறை அழுதாள். தம்பி விர்ங்காரின் காசில்தான் தன் மகன் துவாலாவில் படிக்கிறான் என்றாள். யென்லா அவளுக்குச் சோளக்களியும் கீரையும் போட்டாள். "சாப்பிடுங்க" என்றாள். சந்தையில் தன் இடத்தை உப்பு விற்கிறவர்கள் பக்கம் மாற்றிக்கொண்டாள்.

அந்த ஆண்டு அறுவடையில், வழக்கமாகத் தலைவருக்குக் கொடுக்கும் முதல் சோளக் கூடை அவர் வீட்டுக்குப் போகவில்லை. எப்போது வரும் என்று அவர் ஆளனுப்பிக் கேட்டார். "எண்ணிக்கிட்டே இருக்கச் சொல்லுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டு, அவள் மீதிச் சோளத்தை உரிக்க உட்கார்ந்தாள்.