‘பெறப்பட்டது’ என்று ஒளிர்ந்த பொய்

யானை நிற்பதை அறிந்துகொண்டே ஒரு ஜீப் ஓட்டுநர் பெண்களை அதன்முன் கொண்டுபோய் நிறுத்தினார் என்ற பேச்சு போடியின் சில கடைகளில் இன்றும் நடமாடுகிறது. அது பொய். அப்பொய்யைப் பிறப்பித்தது ஒரு கணினிச் செயலி; அதற்கு நற்சான்று வழங்கியவை அச்செயலியின் தன்னியக்கச் சோதனைகள். அவற்றைத் திறந்து படித்தவன் இவ்வூரில் நான் ஒருவனே. ஆகையால் கண்டதை எழுத்தில் வைப்பது என் கடமையாயிற்று.

நான் கல்லூரியில் கணினியியல் கற்பித்து ஓய்வுபெற்றவன். இங்குள்ள ஏலக்காய்த் தோட்டக்காரர் சங்கம் ஒன்று நகரத்து நிறுவனத்தைக் கொண்டு ஓர் இணையச் செயலியைச் செய்வித்திருந்தது. மலைப்பாதையில் மரம் விழுந்தாலும், மூடுபனி இறங்கினாலும், யானை வந்தாலும் தோட்டத்துக் காவலர் செய்தி இடுவார். அது அக்கணமே ஓட்டுநர்களின் கைப்பேசிகளில் தோன்ற வேண்டும். உடனே காவலர் திரையிலும் சங்க அலுவலகத் திரையிலும் ஒவ்வோர் ஓட்டுநரின் பெயருக்கு எதிரிலும் ‘பெறப்பட்டது’ என்ற சொல் பச்சையாய் ஒளிரும்.

ஒரு காலை, கேரள எல்லையான போடிமெட்டுக்கு அப்பால் தோட்டத்துக்குப் பிரியும் மண்பாதையில் யானை நிற்பதாகக் காவலர் செய்தி இட்டார். பின்னால் மலையேறிக்கொண்டிருந்த ஜீப்புகள் நின்றுவிட்டன. முன்னே சென்ற ஒன்று மட்டும் நிற்கவில்லை. வளைவு திரும்பியதும் எதிரே யானை. காய் எடுக்கச் சென்ற பெண்கள் குதித்து ஏலச்செடிகளுக்குள் ஓடினர். சிலமலையிலிருந்து வேலைக்கு வரும் பெண்மணி ஒருவர் விழுந்து கை எலும்பை முறித்துக்கொண்டார்.

சங்கக் கூட்டத்துக்கு என்னையும் அழைத்திருந்தனர். செயலாளர் திரையில் அந்த ஜீப் ஓட்டுநரின் பெயரைச் சுட்டிக்காட்டினார்.

“பச்சையா எரியுதுல்ல? இதுக்கு மேல என்னய்யா சாட்சி வேணும்?”

கையில் கட்டுடன் வந்திருந்த அப்பெண்மணி ஓட்டுநரை ஏறிட்டுப் பார்த்தார். “ஏந்தம்பி, படிச்சுட்டுத்தான் வண்டிய விட்டியாக்கும்? எங்களக் கூட்டிட்டுப் போயி ஆனைக்குப் படையலு போடலாம்னு பாத்தியா?”

“சத்தியமா ஒண்ணுமே வரலக்கா. வந்திருந்தா நான் ஏன் போறேன்? எனக்கு மட்டும் ரெண்டு உசுரா இருக்கு?”

“அப்ப அந்தப் பச்ச என்ன, தானா முளைச்சுச்சா?”

சிலர் சிரித்தனர். அடுத்த வாரம் முதல் பெண்களைத் தோட்டத்துக்கு ஏற்றிச்செல்லும் ஓட்டத்தை அந்த ஓட்டுநரிடமிருந்து எடுத்து வேறொருவருக்கு அளிப்பதென்று செயலாளர் அறிவித்தார். இப்பழியோடு இறங்கினால், பிறகு எந்தத் தோட்டத்தார் அவரை அழைப்பர்? எந்தப் பெண் அவர் வண்டியில் ஏறுவார்?

நான் எழுந்து, செயலியின் சோதனைகளைப் பார்க்கும்வரை முடிவை ஒத்திவையுங்கள் என்றேன். “எல்லாம் சோதிச்சுத்தான் குடுத்திருக்காக சார்” என்று சலித்துக்கொண்டாலும் செயலாளர் இசைந்தார்.

நிறுவனம் செயலியின் நிரலையும், அதைத் தானே இயக்கிச் சரிபார்க்கும் சோதனை நிரல்களையும் அனுப்பிவைத்தது. அவர்களுடைய சோதனை ஓர் உலாவியைத் திறக்கிறது. காவலர் பெயரில் நுழைந்து செய்தி இடுகிறது. சில நொடிகள் வாளாவிருக்கிறது. பிறகு அதே உலாவியில் அதே செய்தி தெரிகிறதா என்று பார்க்கிறது. தெரியாமல் எங்கே போகும்? எழுதியவரின் திரையில் செய்தியைச் செயலி தானே உடனடியாகக் காட்டிவிடுகிறது. செய்தி அனுப்பும் செயலியைச் சோதிக்க வந்தவர்கள், பெறுபவர் என ஒருவரை உருவாக்கவே இல்லை! ஐயந்தீர, செய்திகளை ஏந்திச் செல்லும் சேவையகத்தை என் கணினியில் நிறுவி, பின் அதை அடியோடு நிறுத்திவிட்டுச் சோதனையை ஓட்டினேன். அப்போதும் தேர்ச்சி.

ஆயினும் சோதனை பயனற்றது என்பதால் ஓட்டுநர் குற்றமற்றவர் என்று ஆகிவிடாது. மற்ற ஓட்டுநர்களுக்குச் செய்தி வந்திருக்கிறதே. எனவே அவருடைய வண்டியில் நானே மலையேறினேன். மெட்டை நெருங்கியதும் அவர் வண்டியை ஓரங்கட்டி, கைப்பேசியில் எதையோ அழுத்தினார். சற்றுப் பொறுத்து மீண்டும் அழுத்தினார்.

“என்ன செய்கிறீர்கள்?”

“ஏரோப்ளேன் மோடு போட்டு எடுக்குறேன் சார். இல்லேன்னா இது நம்மூரு டவரையே புடிச்சுத் தொங்கிக்கிட்டுக் கெடக்கும். போட்டு எடுத்தா வெரசா கேரளா டவரு கெடைச்சுரும். மெட்டுல எல்லாரும் செய்யிறதுதான்.”

பின்னால் வந்தவர்கள் அன்று மெட்டை எட்டுமுன்பே செய்தியைப் பெற்றுவிட்டனர். இவர் அதே நேரத்தில் எல்லையில் கைப்பேசிக் கோபுரம் மாற்றிக்கொண்டிருந்திருக்க வேண்டும். வீடு திரும்பி இதையே சோதனையாக எழுதினேன். இரண்டு உலாவிகள்: ஒன்று காவலர், மற்றொன்று ஓட்டுநர். முதலில் தொடர்பு அறாத நிலையில் செய்தி இட்டேன். ஓட்டுநர் திரையில் தோன்றியது. அடுத்து, ஓட்டுநரின் இணையத்தை முன்னறிவிப்பின்றித் துண்டித்து, செய்தி இட்டு, இணையத்தை மீட்டு, செய்தி தோன்றும்வரை போதிய அவகாசம் அளித்தேன். தோன்றவில்லை. காவலர் பக்கத்திலோ ‘பெறப்பட்டது’ என்று பச்சை ஒளிர்ந்தது! தொடர்பு அறுந்ததைச் சேவையகம் உணரச் சிறிது நேரம் பிடிக்கிறது. அதற்குள் தான் வெளியே தள்ளிய செய்தியையெல்லாம் சேர்ந்ததாகவே பதிந்துகொள்கிறது. மீண்டு வரும் கைப்பேசியும், இடையில் தவறியவை உண்டா என்று கேட்பதில்லை. எத்தனை முறை ஓட்டினாலும் இதே விளைவு.

நிறுவனத்துப் பொறியாளரைத் தொலைபேசியில் அழைத்தேன்.

“சார், ஏரோப்ளேன் மோடு போட்டது அவங்க மிஸ்டேக். நார்மல் யூசர் அப்படிப் பண்ண மாட்டாங்க.”

“நீங்கள் எந்த மலையில் இதைச் சோதித்தீர்கள்?”

“ஆபீஸ்ல சார். வைஃபை நல்லா இருக்கும்.”

தொடர்பு அறுவதே இயல்பான ஒரு மலைக்காக வாங்கிய வேலை! தொடர்பு அறும் நிலைக்கென ஒரு சோதனையும் எழுதாதவர்கள், அறுந்த இடத்தில் நின்றவரைக் குற்றவாளி என்றனர். அவர்கள் முதலில் அனுப்பிய திருத்தம் என்ன தெரியுமா? ‘பெறப்பட்டது’ என்பதை ‘அனுப்பப்பட்டது’ என்று மாற்றினார்கள். அவ்வளவே. ஓட்டுநரின் கைப்பேசி தானே ஒப்புதல் அளித்தாலன்றிப் பச்சை எரியலாகாது, மீண்டு வரும் கைப்பேசிக்குத் தவறியவை வந்துசேர வேண்டும், என் சோதனை தேறினாலன்றி வேலை முடிந்ததாக ஏற்காதீர்கள் என்று சங்கத்துக்கு எழுதிக்கொடுத்தேன். பலநாள் இழுபறிக்குப் பிறகே அது தேறியது.

தோட்ட ஓட்டம் அந்த ஓட்டுநரிடமே நிலைத்தது. ஆனால் பழியைக் கூட்டம் கூட்டி அறிவித்தவர்கள், அதை நீக்கியதை அவரிடம் தொலைபேசியில் சொல்லி முடித்துக்கொண்டனர். பொதுவில் அறிவியுங்கள் என்றதற்கு, “எல்லாருக்கும் தெரிஞ்சுரும் சார், விடுங்க” என்றார் செயலாளர். நான் விடவில்லை. முதலில் கைமுறிந்த பெண்மணியிடம் சென்று சோதனையை இயக்கிக் காட்டினேன். இன்னொரு முறை ஓட்டச் சொன்னார்; ஓட்டுநர் திரை மீண்டும் காலியாகவே கிடந்தது.

“அந்தப் பயல நாலு பேரு முன்னாடில்ல கேட்டுப்புட்டேன்” என்றார்.

கட்டுப் பிரித்து வேலைக்குத் திரும்பிய நாளன்று, ஜீப்புகள் நிற்குமிடத்தில் எல்லோரும் பார்க்க அந்த ஓட்டுநருடைய வண்டியின் முன்னிருக்கையில் ஏறி அமர்ந்தார். “எடு தம்பி. ஆன நின்னா இந்தத் தடவ நீ மொதல்ல குதி.” மற்றப் பெண்கள் பின்னே ஏறினர்.

சங்கம் செய்ய மறுத்த அறிவிப்பை இக்கட்டுரை செய்கிறது. கோபுரங்கள் குறித்தோ சேவையகத்தின் போக்குக் குறித்தோ நான் பிழைபட எழுதியிருப்பின், அவ்வழியே வண்டி ஓட்டுவோரும் இத்துறை அறிந்தோரும் சுட்டிக்காட்டுக, நன்றியுடன் திருத்திக்கொள்வேன். அந்த ஓட்டுநர் செய்தியைக் கண்டார் என்று இன்னும் சொல்வோரும் வரலாம், சான்றோடு வருக.