என் தோளுக்குப் பின்னால்

இன்று நெல்லிவாசல்நாடு மலைக்கிராமத்தில் புளி தட்டிக்கொண்டிருந்த பெண்களைப் படம் எடுத்தேன். தனியாகத்தான் போயிருந்தேன்.

திரும்பும் ஜீப்பில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முகத்தை விடு, கண் போகும் திசையைப் பார் என்பது புகைப்பட வகுப்பில் படித்த பாடம்.

ஒருவர்கூட கேமராவைப் பார்க்கவில்லை. எல்லோர் கண்ணும் என் தோளுக்குப் பின்னால். கல்லின்மேல் அவர்கள் எனக்கு ஊற்றி வைத்த கூழ், இரண்டு டம்ளர். நான் குடித்தது ஒன்றுதான்.

அவர்களில் ஒரு அக்கா எதிர் சீட்டில் இருந்தார். படத்தைக் காட்டி, "யாரக்கா பாக்குறீங்க?" என்றேன்.

"இன்னாம்மா இப்டி கேக்குற? உங்கூட வந்த பொண்ணத்தான்."

ஜீப்பில் அவ்வளவு நெரிசல். என் பக்கத்து இடம் மட்டும் காலி. அக்கா அங்கே திரும்பி, "கூழுகூட குடிக்கலியே, பசிக்கலியாம்மா?" என்றார்.

வீட்டுக்கு வந்துவிட்டேன். ஒரு செல்ஃபி எடுத்துப் பார்க்கவா, வேண்டாமா? சீக்கிரம் சொல்லுங்கள்.