திரிகிள்ளி பேண்டைக் கலைச்ச அந்த போன் கால்

பிரிண்டிங் மை வாசம்... அதுக்கு மேல எங்க ரெண்டு பேரோட வேர்வை வாசம்.

சிவகாசியில என் மாமாவோட பழைய காலண்டர் குடோன் அது. சத்தம் வெளிய போகாம இருக்க சுவரோரமா வேஸ்ட் பேப்பர் கட்டுகளை அடுக்கி, ஜன்னலை எல்லாம் சாத்திட்டு வாசிப்போம். நான் டிரம்ஸ். காலேஜ் கிளாஸ்மேட் ஜெனி கிட்டாரும் கத்தலும். ரெண்டே பேர் பங்க் ராக் பேண்ட், பேரு "திரிகிள்ளி". மொத்தம் நாலு பாட்டு. அதுல ஒண்ணு முழுக்க காலேஜ் பஸ் டிரைவரைத் திட்டுறது.

வீட்ல சொன்னது கம்பைன்ட் ஸ்டடி.

மதுரையில ஒரு கல்ச்சுரல்ஸ்தான் முதல் மேடை. அதுக்கு மூணு நாள் முன்னாடி குடோன் கதவைத் தட்டுனாங்க. போலீஸ்! பின்னாடி தெருவே நிக்குது.

"வெடிமருந்தை எங்கன வச்சிருக்கீக?"

பூட்டின குடோன்ல டொம் டொம்னு கேட்டா எங்க ஊர்ல வேற என்ன நினைப்பாங்க... கள்ளத்தனமா வெடி சுத்துறோம்னு யாரோ போன் போட்டிருக்காங்க. நிரூபிக்க ஒரு பாட்டு வாசிச்சோம். ஏட்டய்யா காதைப் பொத்திக்கிட்டு, "இதுக்கு வெடியே சுத்தியிருக்கலாமே தாயி"ன்னார்.

எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு வரல. முந்தின வாரம்தான் மதுரை பேண்ட் ஒண்ணு ஜெனியை மட்டும் கூப்பிட்டிருந்தது. அன்னைக்கு பிராக்டிஸுக்கு அவ லேட் வேற. போலீஸைப் பாத்து அவ பதறவும் இல்ல.

அத்தனை பேர் முன்னாடியே கேட்டேன். "நீதான போன் போட்ட? என்னைக் கழட்டி விடணும்னா நேரா சொல்ல வேண்டியதுதான?"

"லூசாடி நீ?" அவ்வளவுதான் சொன்னா.

மதுரையில மூஞ்சியைப் பாக்காமலே வாசிச்சோம். அம்புட்டு கைதட்டு! எங்க கோவத்தை ஸ்டைல்னு நினைச்சுட்டாங்க. அப்புறம் சாத்தூர், கோவில்பட்டின்னு ரெண்டு மேடை. அவ போனை எடுத்தாலே யாருன்னு எட்டிப் பாப்பேன். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுல சொன்னா, "பின்னாடி உக்காந்து என் முதுகையே பாக்குற... வாசிக்க முடியலடி."

அதோட முடிஞ்சது.

போன மாசம் என் மூணு வயசு மக ரூமுக்குள்ள போய் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டா. சத்தமே இல்ல. நான் கதவை உடைக்காத குறை. திறந்தப்போ உள்ள பவுடர் கொட்டி விளையாடிட்டு இருக்கா. என் பதட்டத்தைப் பாத்துட்டு அம்மா மெதுவா சொன்னாங்க...

"அன்னைக்கு ஸ்டேஷனுக்குப் போன் போட்டது நாந்தான். ஒங் கையெல்லாம் கொப்புளம். படிச்சா கொப்புளம் வருமா? பின்னாடியே வந்து பாத்தா, பூட்டின குடோனுக்குள்ள டொம் டொம்னு சத்தம். நீ காசுக்குத் திரி சுத்தப் போறன்னே நினைச்சேன். கருகிக் கெடக்குறதுக்கு ஜெயில்ல கெடக்கட்டும்னுதான்..."

ஜெனியைக் காப்பாத்த அம்மா பொய் சொல்றாங்களோன்னு அப்பவும் ஒரு நிமிஷம் தோணுச்சு. என் புத்தி அப்படி.

அன்னைக்குச் சந்தேகத்தைக் கேக்க ஒரு நொடி யோசிக்கல. இப்போ இதை எழுத ஒரு மாசம் ஆயிருக்கு. தெருவே பாக்கக் கேட்டேன்ல... அதான் எல்லாரும் பாக்க எழுதுறேன்.

ஜெனி, அது நீ இல்ல.